இடது கார்னர்

செக்கானூரணி ஒச்சுக்காளையிடம் கேட்டால்
என் முகத்தைச் சொல்லத் தெரியாது.
என் வலது கணுக்காலைக் கேளுங்கள், சொல்வான்:
உள்பக்கம் தழும்பு, சைக்கிள் செயின் கடித்தது,
வியர்த்தால் வழுக்கும்,
மண்ணைப் பூசிக்கொண்டு பிடித்தால் நிற்கும்.

பதினோரு வருஷம் எதிரெதிரே ஆடினோம்.
நான் மேலூர் வெண்புறா, பாடிப்போகிறவன்.
அவன் நாலாம் நம்பர் பனியன், இடது கார்னர்,
பந்தியில் இலைக்குக் காத்திருக்கிறவன் மாதிரி
ஓரத்தில் குனிந்திருப்பான்.

முதல் தரம் கருமாத்தூரில்.
கோடை மழை விட்ட ராத்திரி,
டியூப் லைட்டைச் சுற்றி ஈசல், வாயைத் திறந்தால் உள்ளே போகும்.
கபடி கபடியென்று போய்
இடப்பக்கம் கண்ணைக் காட்டி வலக்காலை விட்டேன்.
கண்ணை அவன் பார்க்கவே இல்லை.
நடுக்கோட்டுக்கு என் நடுவிரல்
ஒரு நெல் நீளம் குறைந்தது.
"எந்திரிடா, டவுசர் கிழிஞ்சிருச்சு" என்றான்,
பிடித்த அதே கையால் தூக்கிவிட்டு.
பரிசுக் கிடாயை அவர்கள் வேனில் ஏற்றும்போது
அது என்னைப் பார்த்துக் கத்தியது.

ரயில்வே தேர்வுக்குச் சென்னைக்கு
ஒரே பெட்டியில் போனோம், கக்கூஸ் கதவோரம்.
அவன் வீட்டுப் புளிச்சோறு, என் தண்ணீர்ப் பாட்டில்.
மூன்று நாள் ஆட வைத்தார்கள்.
பாடிப்போனவன் பெயர் பலகையில் ஏறுகிறது,
பிடித்தவன் பெயரை யார் எழுதுகிறார்கள்?
எனக்கு ஆர்டர் வந்தது, மதுரை ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன்.
பாயிண்ட் எடுத்தவனுக்குப் பாயிண்ட்ஸ்மேன் வேலை என்று
டீமே சிரித்தது.
அவன் ஆரப்பாளையம் போய்
உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறிக்கொண்டு
ஜன்னல் வழியாகக் கேட்டான்:
"சனிக்கிழம சோழவந்தான்ல மேட்ச்சு, வந்துருவேல்ல?"

வாடிப்பட்டி.
அதைச் சொல்லாமல்தான்
இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

நாற்பது நொடி பாக்கி, ஒரு புள்ளி பின்னால்.
பிடித்துவிட்டான், எப்போதும்போல.
நான் உதறினேன்.
உதைக்கக் கூடாது, உதறலாம், விதி அப்படி.
இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரமென்று
இன்றுவரை அளந்துகொண்டிருக்கிறேன்.
சோடா பாட்டிலில் கோலி இறங்குகிற சத்தம்.
பிடி விட்டது. கோட்டைத் தொட்டேன்.
விசில், வெடி, யாரோ என்னைத் தோளில் தூக்கினார்கள்.
உயரத்திலிருந்து பார்த்தேன்:
மண்ணில் மல்லாந்து கிடந்தவன் விரல்கள்
இன்னும் வளைந்தே இருந்தன,
என் கணுக்கால் அளவுக்கு.

எலும்புக் கட்டு மூன்று தரம்.
பெரியாஸ்பத்திரி. பஞ்சர் கடை. மில் வாட்ச்மேன்.
நாலாம் நம்பர் பனியன்
யாரோ ஒரு பையனுக்குத் தொளதொளவென்று இருந்தது.
நான் பார்க்கப் போகவில்லை.
ஷிப்ட் என்று சொல்லிக்கொண்டேன்.

போன மாசம் திருமங்கலத்தில் ஒரு மேட்ச்.
இப்போதெல்லாம் மேட் விரித்துத்தான், மண் இல்லை.
வெள்ளைச் சட்டை போட்டு விசிலோடு ஒச்சுக்காளை.
வலக்கை தோளுக்கு மேலே வராது.
இடப்பக்கத்து அணிக்குப் புள்ளியென்றால்
சாதாரணமாகக் கையைத் தூக்குகிறான்.
வலப்பக்கத்து அணிக்கென்றால்
உடம்பையே முழுசாகத் திருப்பி,
ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி,
அதே இடக்கையைத் தூக்குகிறான்.
வெளியூர்ப் பையன்கள் சிரித்தார்கள்.
"அவரு திரும்பி நிக்கிற நேரம்
இந்தப் பக்கத்து டீம் எதுவும் ஏமாத்துனது இல்ல"
என்றார் பக்கத்தில் கடலை தின்றவர்.

முடிந்ததும் போய் நின்றேன்.
செருப்புக் காலைத்தான் முதலில் பார்த்தான்.
அப்புறம் மெதுவாக மேலே.
"எண்ணெய் கிண்ணெய் போடுறியா?"
"போடுறேன்."
"போட மாட்ட."

டீக்கு நான் காசு எடுத்தேன்.
வலக்கை இடுப்பளவில் நீண்டு வந்து
என் மணிக்கட்டைப் பிடித்தது.
அந்தப் பிடி அப்படியே இருக்கிறது.
நான் உதறவில்லை.
"விடுடா, இருபது ரூவா" என்றான்,
விடாமல்.